பழைய படக்கருவியும் வரலாற்றுச் சான்றும்: படச்சுருள் ஆர்வலரின் சோதனைகள் குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

நிழற்படம் உள்ளதை உள்ளவாறே காட்டும் என்னும் நம்பிக்கை மக்களிடையே ஆழ வேரூன்றியுள்ளது. கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் ஐயுற்று ஆராயும் வரலாற்று மாணவர்கூடப் பழைய நிழற்படம் ஒன்றைக் கண்டவுடன் அதனைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்வதுண்டு. கல்வெட்டைப் படிப்பவர் எழுத்தின் வடிவத்தையும் கல்லின் தன்மையையும் அறிந்திருக்க வேண்டும். சுவடியைப் பதிப்பிப்பவர் ஓலையின் இயல்பையும் ஏடெழுதுவோரின் பழக்கங்களையும் அறிந்திருக்க வேண்டும். அவ்வாறாயின், நிழற்படத்தைச் சான்றாகக் கொள்பவர் அதனைப் பதிவு செய்த கருவியின் இயல்பையும் படச்சுருளின் இயல்பையும் அறிந்திருக்க வேண்டாமா?

இவ்வறிவு இன்று நூல்களில் மட்டும் தங்கியிருக்கவில்லை. பழைய படக்கருவிகளைத் தேடி வாங்கிப் பழுதுநீக்கி, அவற்றில் படச்சுருளை இட்டுப் படமெடுத்து, வீட்டுக் குளியலறையையே இருட்டறையாக்கிக் கொண்டு படங்களைத் துலக்கும் பொழுதுபோக்கு ஆர்வலரிடத்தே அது உயிரோடு இருக்கிறது. அவர்களின் முயற்சியைப் பழம்பொருள் மோகம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும், பழைய கருவியைக் கொண்டு மீண்டும் படமெடுத்துப் பார்ப்பது, பழைய நிழற்படங்களைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்கான வழிகளுள் ஒன்று என்பது எமது துணிபு. நிழற்படக் கலையின் வரலாற்றில் ஆர்வலர் பெற்றிருந்த இடத்தையும், அக்கலை மலாயாவுக்கும் சென்னை மாநிலத்துக்கும் வந்த விதத்தையும் சுருங்கக் கூறி, பெட்டிக் கருவியையும் பழைய வகைப் படச்சுருளையும் கொண்டு யாம் செய்து பார்த்த சில எளிய சோதனைகளின் வழி அத்துணிபை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

1. ஆர்வலர் வளர்த்த கலை

நிழற்படக் கலையின் திருப்புமுனைகள் பலவும் அக்கலையைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்களாலேயே நிகழ்ந்தன. 1833-ஆம் ஆண்டு இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் ஓவியம் தீட்ட முயன்று, கை ஒத்துழைக்காமையால் மனம் சலித்தவர் ஆங்கிலேயச் செல்வந்தரான வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். இயற்கையே தன் உருவைத் தாளில் பதித்துக்கொள்ளுமாறு செய்ய இயலாதா என்னும் அவருடைய எண்ணமே பின்னாளில் எதிர்மறைப் படமாக உருப்பெற்றது. 1839-ஆம் ஆண்டு பிரான்சில் அறிவிக்கப்பட்ட டாகர் முறை, வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒரே ஒரு படத்தைத் தந்தது. டால்பட் 1841-இல் காப்புரிமை பெற்ற முறையோ ஒரு தாள் எதிர்மறையிலிருந்து பல படிகள் எடுக்க வழிவகுத்தது. படச்சுருளின் அடிப்படைத் தத்துவமும் இதுவே.

1851-இல் கண்ணாடித் தகட்டில் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்ட ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஒரு சிற்பி. தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெறாத அவர், 1857-இல் வறுமையில் மறைந்தார். ஈரத் தகடு உலர்வதற்குள் படமெடுத்துத் துலக்கிவிட வேண்டும். ஆதலால், படமெடுப்பவர் செல்லுமிடமெல்லாம் இருட்டறைக் கூடாரமும் உடன் செல்ல வேண்டியிருந்தது. இந்நிலையை மாற்றியவர் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் என்னும் மருத்துவர். கொலோடியனில் கலந்த ஈதர் ஆவி தம் உடல்நலத்தைக் கெடுத்தமையால் மாற்றுப் பொருள் தேடிய அவர், வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்த பால்மத்தைப் பற்றி 1871-இல் எழுதினார். உலர் தகடு பிறந்தது. தகட்டை முன்கூட்டியே செய்து விற்கும் தொழிற்சாலைகளும் பிறந்தன.

கண்ணாடிக்கு மாற்றாகச் செல்லுலாய்டைக் கொண்டு 1887-ஆம் ஆண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் அமெரிக்காவின் நியூவார்க் நகரப் பாதிரியார் ஹனிபல் குட்வின். விவிலியக் கதைகளைப் படம் காட்டிக் கற்பிக்க உடையாத பொருள் ஒன்றை அவர் தேடினார். காப்புரிமை அவர் கைக்கு வந்தது 1898-இல். 1900-ஆம் ஆண்டின் இறுதி நாளில் அவர் காலமானார். அவ்வுரிமை தொடர்பான நீண்ட வழக்கின் முடிவில் 1914-ஆம் ஆண்டு ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் ஐம்பது இலட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜார்ஜ் ஈஸ்ட்மனும் தொடக்கத்தில் வங்கி எழுத்தராகப் பணியாற்றியபடி ஓய்வு நேரத்தில் படமெடுத்தவரே. 1888-இல் அவர் வெளியிட்ட கோடாக் கருவியின் விலை 25 டாலர். அதில் நூறு படங்கள் எடுக்கலாம். எடுத்தபின் கருவியையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். 1900-இல் வந்த பிரௌனி பெட்டிக் கருவியின் விலையோ ஒரே டாலர். 1935-இல் கோடாக்ரோம் வண்ணப் படச்சுருளை உருவாக்கிய லியோபோல்டு மேன்னஸ், லியோபோல்டு கொடோவ்ஸ்கி ஆகிய இருவரும் இசைக்கலைஞர்கள். ஒருவர் பியானோ வாசிப்பவர், மற்றவர் வயலின் வாசிப்பவர்.

தொழில்முறைப் படப்பிடிப்பாளர் வாடிக்கையாளருக்கு உரிய நாளில் படத்தைத் தந்தாக வேண்டும். பத்துத் தகடுகள் வீணானாலும் பதினோராவதை எடுத்துப் பார்க்கும் ஓய்வு அவருக்கு வாய்ப்பதில்லை. ஆர்வலருக்கு அது வாய்க்கிறது. ஆகவே, சோதனை செய்யும் பழக்கம் இக்கலையின் பிறப்பிலேயே ஆர்வலரிடம் அமைந்துவிட்டது எனலாம்.

2. மலாயாவும் சென்னை மாநிலமும்

இக்கலை நம் வட்டாரத்துக்கு மிக விரைவில் வந்து சேர்ந்தது. தமிழ் வழித்தோன்றலும் கொண்ட முன்ஷி அப்துல்லா, 1849-இல் வெளிவந்த தம் ஹிக்காயத் அப்துல்லாவில், அமெரிக்கப் போர்க்கப்பலில் வந்த மருத்துவர் ஒருவர் காட்டிய டாகர் முறைப் படத்தைக் கண்டு வியந்ததைப் பதிவு செய்துள்ளார். 1843-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தங்கும் விடுதி நடத்திய கஸ்தோன் துத்ரோன்குவா, இம்முறையில் உருவப்படம் எடுத்துத் தருவதாகச் செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். 1844-இல் சிங்கப்பூரைப் படமெடுத்து, இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய காட்சிகளை விட்டுச்சென்ற ஜூல் இத்தியே, பிரெஞ்சு சுங்கத் துறை அலுவலர். படப்பிடிப்பு அவருடைய தொழில் அன்று.

1860-களின் தொடக்கத்தில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றிய ஸ்காட்லாந்துக்காரர் ஜான் தாம்சன், 1875-இல் வெளியிட்ட தம் பயண நூலில் ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். பினாங்கில் படிகள் அச்சிடுவதற்கும் உதவி செய்வதற்கும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்த இருவரை அவர் பயிற்றுவித்தார். மலாயா நிழற்பட வரலாற்றின் தொடக்கத்திலேயே நம்மவர் கைகள் இருந்தன என்பதற்கு இது தெளிவான சான்று. முட்டை வெண்கரு பூசிய தாளை எதிர்மறையோடு சேர்த்து வெயிலில் வைத்து, நிறம் ஏறும் பதம் பார்த்து எடுத்து, பலமுறை நீரில் அலசிக் காயவைப்பதே அக்கால அச்சு வேலை. அதனைச் செய்தவர் இருவரும் தாம்சனின் புகழுக்குப் பின்னால் பெயரின்றி நிற்கின்றனர். அவ்வேலையின் நுட்பத்தை உணர்ந்தாலன்றி, அவர்களை வெறும் ஏவலாளர் என்றே நாம் எண்ணிவிடக்கூடும். வெயிலின் கடுமைக்கேற்ப நேரத்தைக் கணிக்கும் பழகிய கண் இல்லாதவர் அச்சிட்ட படி ஒன்றுக்கும் உதவாது.

சென்னை மாநிலத்தில் அரசு நிழற்படக்காரராக 1856-இல் அமர்த்தப்பட்ட லின்னியஸ் டிரைப், அதற்குமுன் படமெடுத்தலை ஆர்வத்தால் கற்ற படைத்துறை அலுவலர். 1857 இறுதியிலும் 1858-இலும் அவர் திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய இடங்களைப் பதிவு செய்தார். வெப்பத்தில் கொலோடியன் விரைவில் உலர்ந்துவிடும் என்பதால், அவர் மெழுகேற்றிய தாள் எதிர்மறைகளைப் பெரிதும் பயன்படுத்தினார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளும் ஒரே படமாக அவர் அமைத்தது கல்வெட்டு ஆய்வாளர் அறியத்தக்க செய்தியாகும். அவருடைய படங்கள் சிலவற்றில் வானத்தில் மிதக்கும் முகில்கள் அவர் எதிர்மறையில் தூரிகையால் தீட்டியவை. முகிலைத் தீட்ட வேண்டிய தேவை ஏன் எழுந்தது? இதற்கான விடை நான்காம் பகுதியில் தெளிவாகும்.

3. பெட்டிக் கருவி உணர்த்துவன

1901-ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் எண் பிரௌனிக்காக உருவாக்கப்பட்ட 120 அளவுப் படச்சுருள் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. இதனால், நூறாண்டு கடந்த கருவியிலும் இன்று படமெடுக்க இயலும். அட்டையாலோ தகரத்தாலோ செய்த பெட்டி, ஒற்றை வில்லை, விரலால் தள்ளும் ஷட்டர், இடவலம் மாறிய சுருக்கப் படம் காட்டும் சிறு சாளரம் ஆகியவற்றைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. வேகத்தையோ தூரத்தையோ மாற்றி அமைக்கும் வசதி அதில் இல்லை. ஷட்டரின் வேகம் நொடியில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு முதல் ஐம்பதில் ஒரு பங்கு வரை இருக்கும்.

இத்தகைய பெட்டிக் கருவி ஒன்றைக் கொண்டு சில சுருள்கள் எடுத்துப் பார்த்தபோது நாம் கண்டவை மூன்று.

முதலாவது, தூரம் பற்றியது. ஏறத்தாழ பத்தடிக்குக் குறைவான தொலைவில் நிற்பவர் முகம் தெளிவாகப் பதிவதில்லை. எனவே, படமெடுப்பவர் தள்ளி நிற்க வேண்டும். படத்தில் ஆள் தலை முதல் கால் வரை முழுமையாக, சிறிய உருவமாகவே வருவார். பழைய குடும்பப் படத்தொகுப்புகளில் முகங்கள் சிறியனவாக இருப்பதற்கு நாணமோ பணிவோ காரணம் என்று கூறிவிடுவதற்கு முன் இவ்வில்லையின் எல்லையை நினைவிற்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, முகக்குறி பற்றியது. கருவியில் ஒளி போதாமையால், வெயிலைத் தம் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு படமெடுக்குமாறு அக்காலத்துக் கையேடுகள் அறிவுறுத்தின. அவ்வாறாயின், படத்துக்கு நிற்பவர் கண்களில் வெயில் நேரே விழும். நம் நாட்டு முற்பகல் வெயிலில் இவ்வாறு நின்ற நண்பர்கள் அனைவரும் புருவத்தைச் சுருக்கி, உதட்டை இறுக்கிக்கொண்டனர். பழைய படங்களில் பாட்டன் பாட்டியர் சினந்தவர்போலத் தோன்றுவதற்கு வாழ்க்கைத் துயரை மட்டுமே காரணம் காட்டும் கட்டுரைகளை நாம் படித்திருக்கிறோம். துயர் இருந்திருக்கலாம், ஆயினும் அந்த முகச்சுளிப்பு அதற்குச் சான்றாகாது.

மூன்றாவது, இவ்வாய்வின் நோக்கில் மிக முக்கியமானது: கருவி காணாதவை. விளக்கொளியில் உள்ள அறையும், மேற்கூரை தாழ்ந்த சமையற்கட்டும், விடியற்காலை இருளும் இக்கருவிக்குப் புலப்படா. ரப்பர்த் தோட்டத்து வாழ்க்கையின் முதன்மையான நேரம் விடியலுக்கு முந்தியது. பெரட்டுக்குக் கூடியதும், தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவச் சென்றதும், லயத்தின் அடுப்பங்கரையில் சோறு பொங்கியதும் இருளிலும் அரைகுறை ஒளியிலுமே நடந்தன. மக்னீசியத் தூளையும் பின்னர் ஃபிளாஷ் விளக்கையும் பயன்படுத்தியவர் உண்டு. ஆனால், அவை எளிய பெட்டிக் கருவி வைத்திருந்தோரின் அன்றாடக் கைப்பொருள் அல்ல. ஆகவே, தோட்டத்துப் பழைய படங்கள் நமக்குக் காட்டுவது வெயில் ஏறிய பிந்திய நேரத்தையே. பெரும்பாலும் திருமணம், திருவிழா, வழியனுப்பு ஆகியவற்றையே. இப்படங்களை மட்டும் அடுக்கி ஒரு தோட்டத்தின் வரலாற்றை எழுதினால், அவ்வரலாற்றில் உழைப்பு குறைந்து விழா மிகுந்துவிடும். படத்தில் இல்லாதது வாழ்வில் இல்லாதது அன்று. அவ்விடைவெளியை வாய்மொழி வரலாற்றைக் கொண்டே நிரப்ப வேண்டும்.

4. குங்குமம் கருத்ததும் வானம் வெளுத்ததும்

வெள்ளி உப்பு இயல்பாக நீல ஒளிக்கும் புறஊதா ஒளிக்கும் மட்டுமே வினைபுரியும். பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகியவை அதற்கு ஏறக்குறைய இருளுக்கு ஒப்பானவை. 1873-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், பால்மத்தில் சில சாயங்களைச் சேர்த்தால் பச்சைக்கும் அது வினைபுரியும் என்று கண்டறிந்தார். இதன்வழி ஆர்த்தோ எனப்படும் வகை உருவாயிற்று. சிவப்பையும் உணரும் பான்குரோமாட்டிக் தகடுகள் 1906 முதல் விற்பனைக்கு வந்தன. ஆயினும், ஆர்வலர் பயன்படுத்திய சுருள்களில் ஆர்த்தோ வகையே நெடுங்காலம் வழக்கில் இருந்தது. கோடாக்கின் வெரிக்குரோம் சுருள் 1956-இல்தான் பான்குரோமாட்டிக் வகைக்கு மாறியது.

ஆர்த்தோ வகைச் சுருள் இன்றும் உற்பத்தி செய்யப்படுவதால், ஓர் எளிய சோதனையைச் செய்து பார்க்க முடிந்தது. குங்குமம், மஞ்சள், திருநீறு ஆகியவற்றைத் தனித்தனித் தட்டில் வைத்து, அவற்றின் பின்னால் செந்நிறப் பட்டுச் சேலை ஒன்றையும் நீலப் பருத்திச் சேலை ஒன்றையும் விரித்து, ஒரே நிழலில், ஒரே நாளில், இரு வகைச் சுருளிலும் படமெடுத்தோம். பான்குரோமாட்டிக் சுருளில் கண்ணுக்கு இயல்பான சாம்பல் நிறப் படிநிலைகள் தோன்றின. ஆர்த்தோவிலோ குங்குமம் கரியைப்போல் இருந்தது. செம்பட்டு கறுப்புச் சேலையாயிற்று. நீலச் சேலை வெளிறியது. திருநீறு மட்டும் மாறவில்லை. வில்லையின் முன் அடர்ந்த நீல வடிகட்டியை வைத்து, மிகப் பழைய தகடுகளின் தன்மையை ஒருவாறு உண்டாக்கிப் பார்த்தபோது, மஞ்சளும் கருமை அடைந்தது.

இதன் விளைவுகள் சிறியன அல்ல. முற்காலத்து உருவப்படம் ஒன்றில் பெண்ணின் நெற்றிப் பொட்டு கறுப்பாகத் தெரிந்தால், அது சாந்தா குங்குமமா என்பதை அப்படத்தைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. பொட்டின் நிறத்தை வைத்து வழக்காறுகளைப் பற்றிப் பேசுவோர் இதனைக் கருத வேண்டும். சேலையின் நிறத்துக்கும் இதுவே பொருந்தும்.

இதனினும் முக்கியமானது உடல் நிறம். மனிதத் தோலின் நிறத்தில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி. ஆதலால், நீலத்தை மட்டும் உணரும் தகடும் ஆர்த்தோச் சுருளும் மாநிறத்தவரையும் கருநிறத்தவரையும் உள்ளதைவிடக் கருமையாகவே காட்டும். உதடு இருண்டு, தழும்பும் வடுவும் மிகுந்து தோன்றும். படப்பிடிப்பு நிலையத்தார் இதனை அறிந்திருந்தமையால், எதிர்மறையின் மீது பென்சிலால் தடவி முகத்தை வெளுப்பாக்குவதும் உண்டு. ஆகவே, பழைய படத்தில் காணப்படும் கருமையும் முழு உண்மையன்று. வெண்மையும் முழு உண்மையன்று. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் காலனித்துவத் தொகுப்பு, மக்களை இனவகைகளாகப் பிரித்துப் படங்களுடன் விளக்கியது. அதிலுள்ள படங்கள் ஃபோகலின் கண்டுபிடிப்பு நடைமுறைக்கு வருமுன் எடுக்கப்பட்டவை. அவற்றில் காணும் தோல் நிறத்தை ஓர் இனத்தின் அடையாளமாகக் கொள்வது, வேதிப்பொருளின் குறைபாட்டை மக்கள் மீது ஏற்றிச் சொல்வதாகும்.

டிரைப் முகிலைத் தீட்டியதற்கான காரணமும் இங்கே விளங்கும். நீல வானமும் வெண்முகிலும் அவருடைய தாளில் ஒரே அளவில் பதிந்தன. அச்சில் வானம் வெறுமையாக வெளுத்தது. அவர் தூரிகையை எடுத்தது, தாளால் காண இயலாததைக் கண் கண்டதற்கு ஈடு செய்வதற்கே.

பெட்டிக் கருவியின் பின்புறத்தில் பட எண்ணைப் பார்ப்பதற்கென ஒரு சிறு செந்நிறச் சாளரம் உண்டு. ஆர்த்தோச் சுருளுக்குச் சிவப்பு ஒளி தீங்கு செய்யாது என்பதால் அச்சாளரம் அமைக்கப்பட்டது. இன்றைய பான்குரோமாட்டிக் சுருளை அதில் இட்டால் சாளரத்தைக் கறுப்பு நாடாவால் மூடிவைத்து, சுருளை நகர்த்தும்போது மட்டும் நிழலில் திறந்து பார்க்க வேண்டும். ஒரு கருவியின் உறுப்பு அது தோன்றிய காலத்தின் வேதியியலையே நமக்குச் சொல்லிவிடுகிறது. தொல்லியலார் பானை ஓட்டைப் படிப்பதுபோல் கருவியையும் படிக்கலாம் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

5. வெப்பநாட்டு இருட்டறை

படச்சுருளைத் துலக்குதல் மூன்று படிகளை உடையது. உருத்துலக்கியில் ஒளிபட்ட வெள்ளி உப்பு கறுப்பு வெள்ளியாக மாறும். நிலைப்படுத்தியில் ஒளிபடாத உப்பு கரைந்து நீங்கும். இறுதியில் ஓடும் நீரில் நெடுநேரம் அலச வேண்டும். கறுப்பு வெள்ளைச் சுருளுக்கான கையேடுகள் பொதுவாக 20 பாகை செல்சியசைக் கணக்கில் கொண்டவை. நம் குழாய் நீரோ 28 பாகைக்குக் குறைவதில்லை. இவ்வெப்பத்தில் துலக்கம் விரைந்து நிகழ்கிறது. சில நொடி தாமதித்தாலும் படம் மிகையாகக் கருத்துவிடுகிறது. ஜெலட்டினும் மென்மையடைந்து, நகம் பட்டாலே சுரண்டிக்கொள்கிறது. எனவே, இங்குள்ள ஆர்வலர் பனிக்கட்டித் தட்டில் கலத்தை வைத்து வேலை செய்கின்றனர். மேலை நாட்டுக் கையேட்டை அப்படியே பின்பற்ற இயலாத நிலத்தில், பழைய படப்பிடிப்பு நிலையத்தார் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு முறையை வகுத்திருக்க வேண்டும் என்பதை இவ்வனுபவம் உணர்த்துகிறது. அம்முறைகள் பெரும்பாலும் ஏட்டில் ஏறாதவை; தொழிலைக் கற்றவரின் நினைவில் மட்டும் வாழ்பவை.

1995-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் காப்பித் தூளையும் சலவைச் சோடாவையும் கொண்டு படச்சுருளைத் துலக்கும் முறை வகுக்கப்பட்டது. காப்பியிலுள்ள காஃபிக் அமிலமே துலக்கியாகிறது. பின்னர் ஆர்வலர் வைட்டமின் சி சேர்த்து அதனைத் திருத்தினர். நாற்றம் பொறுக்க முடியாதது எனினும், படம் குறைவின்றி வருகிறது. துலக்குதல் வேதியியலின் எளிய விளைவே என்பதை மாணவருக்கு விளக்க இதனினும் நல்ல சோதனை இல்லை.

பழைய படங்கள் மங்குவதற்கான காரணத்தையும் இருட்டறையே கற்பிக்கிறது. நிலைப்படுத்தி முழுமையாக அலசப்படாத தாள் காலப்போக்கில் மஞ்சள் பூத்து வெளிறும். இது காலத்தால் வந்த முதுமை எனக் கருதப்படினும், பல வேளைகளில் எடுத்த நாளிலேயே நேர்ந்த குறையாகும். 1970-களின் வண்ணத் திருமணப் படங்கள் செம்மை படர்ந்து தோன்றுவதற்குக் காரணம் வேறு: அத்தாள்களில் இருந்த பச்சைநீலச் சாயம் பிற சாயங்களைவிட விரைவில் அழிந்தது. அச்செம்மையை அக்காலத்துச் சுவையென்று கருதுவது பொருந்தாது.

6. வீழ்ச்சியும் மீட்சியும்

இருபத்தொன்றாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மின்னிலக்கக் கருவி படச்சுருளைச் சந்தையிலிருந்து ஏறக்குறைய அகற்றிவிட்டது. கோடாக்ரோம் உற்பத்தி 2009-இல் நிறுத்தப்பட்டது. உலகில் அதனைத் துலக்கி வந்த கடைசி நிலையம், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் உள்ளது, 2010-ஆம் ஆண்டு இறுதியோடு அச்சுருளை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. இன்று எங்கேனும் துலக்கப்படாத கோடாக்ரோம் சுருள் ஒன்று கிடைத்தால் அதிலிருந்து கறுப்பு வெள்ளைப் படம் பெறலாம். வண்ணத்தை மீட்க நிலையம் இல்லை. 2012 ஜனவரியில் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் நொடிப்புப் பாதுகாப்புக் கோரியது. தமிழ்நாட்டில் உதகமண்டலத்தில் 1960-இல் இந்திய அரசு நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையும் நெடுங்காலம் நலிவுற்றிருந்து மூடப்பட்டது. ‘இந்து’ என்னும் பெயரில் அது தந்த சுருளும் தாளும் ஒரு தலைமுறைத் தமிழகப் படப்பிடிப்பு நிலையங்களுக்குப் பழக்கமானவை.

ஆயினும் அக்கலை மறைந்துவிடவில்லை. 2012-இல் நிறுத்தப்பட்ட எக்டாக்ரோம் சுருள் 2018-இல் மீண்டும் வந்தது. 2024-இல் பென்டாக்ஸ் புதிய படச்சுருள் கருவி ஒன்றை வெளியிட்டது. படச்சுருளோடு வளராத இளையோரே பழைய கருவிகளைத் தேடுவோரில் பெரும்பகுதியினர் என்பதும் கவனிக்கத்தக்கது. இம்மீட்சி நம் ஆய்வுக்குக் கிடைத்த வாய்ப்பு. எனினும், அதன் காலம் வரையறைக்குட்பட்டது. சுருள் உற்பத்தி தொடரலாம். ஆனால், ஈரத் தாளைத் தொட்டே பதம் அறிந்தவரும், எதிர்மறையில் பென்சில் ஓட்டியவரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பழைய நிழற்படத்தைப் படிப்பதற்கு மூன்று வினாக்கள் இன்றியமையாதவை என்பது பெறப்படும். இப்படத்தை எடுத்த கருவியால் எதனைக் காண முடிந்தது, எதனைக் காண முடியவில்லை? இதன் பால்மம் எந்நிறத்தை உணர்ந்தது, எந்நிறத்துக்குக் குருடாயிற்று? எடுத்தபின் இருட்டறையில் இதற்கு நேர்ந்தது யாது? இவ்வினாக்களுக்கு நூலறிவால் விடை கூறலாம் எனினும், கைப்பழக்கம் தரும் தெளிவை நூல் தருவதில்லை. ஆர்வலரின் சோதனை இங்கேதான் ஆய்வுக்குத் துணையாகிறது.

இதன் அடிப்படையில் சில கருத்துகளை முன்வைக்கலாம். குடும்பங்களில் உள்ள எதிர்மறைகளைப் பயனற்றவை என்று எறிந்துவிடாமல் பாதுகாக்க வேண்டும். அச்சுப்படியைவிட அவையே மூலச் சான்று. படத்தை மின்னிலக்கப் படியாக்கும்போது பின்புற எழுத்தையும் நிலைய முத்திரையையும் சேர்த்துப் படியெடுக்க வேண்டும். எஞ்சியிருக்கும் படப்பிடிப்பு நிலையத்தாரின் அனுபவங்களை வாய்மொழி வரலாறாகத் தொகுக்கும் பணியில், வரலாற்று மாணவரோடு படச்சுருள் ஆர்வலரும் அமர்தல் நன்று. எதைக் கேட்பது என்பதை அறிந்தவர் அவரே. பினாங்கில் வெயிலின் பதம் பார்த்து அச்சிட்ட அவ்விருவரின் பெயர்களை இனி மீட்க வழியில்லாமல் போகலாம். அவர்களுக்குப் பின் வந்து அதே வேலையைச் செய்தவர்களுள் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களுடைய பெயர்களையேனும் உரிய காலத்தில் எழுதிவைத்தல் நம் கடமையாகும்.